பிள்ளையின் மூச்சு போகும் குழல்

எங்கள் வீடுகளில் ஒரு பொருள் வந்து சேர்வதே பெரிய காரியம். வந்ததைப் பழுதாகாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய காரியம். தையல் மெசினோ, சைக்கிளோ, தண்ணீர் மோட்டரோ, எதுவானாலும் இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் வீட்டில் நான் அப்படிக் கவனமாகப் பார்க்கும் பொருள் ஒரு பிளாஸ்டிக் ட்றொம்போன்.

ட்றொம்போன் என்பது பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதும் நீண்ட குழல். இதில் ஒரு குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரத்தை மாற்றுவார்கள். வளைவுகளை நிமிர்த்தினால் ஏறத்தாழ 9 அடி வரும். வழமையாகப் பித்தளையில் செய்வார்கள். 2010ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பிளாஸ்டிக்கிலும் செய்யத் தொடங்கினார்கள். அதன் நிறை ஏறத்தாழ 800 கிராம்தான்.

என் மகள் 2009இல் பிறந்தவள். தகப்பனின் முகத்தைப் படத்தில் மட்டுமே கண்டவள். 8ஆம் வகுப்பில் அவளைப் பாடசாலை பாண்ட் குழுவில் சேர்த்தார்கள். அங்கிருந்த ஒரேயொரு பித்தளை ட்றொம்போனின் இழுகுழாய் நெளிந்து அசையாமல் கிடந்தது. திருத்த இங்கே ஆள் இல்லை. லண்டனில் இருக்கும் என் அக்கா, தன் மகன் பழகிவிட்டு வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் குழலை அனுப்பினா.

மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. “இழுப்புக்காரப் பிள்ளைக்கு ஊதுகுழல் எதற்கு? அதுவும் பொம்பிளைப் பிள்ளைக்கு” என்று உறவினர் சொன்னார்கள். பொம்பிளைப் பிள்ளை என்ற கதையை நான் காதில் வாங்கவில்லை. ஆனால் இழுப்பு என்றபோது பயம் வந்தது. அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பரிசோதித்த டொக்டர், “ஊதட்டும். மருந்தைத் தவற விடாதீங்க. களைத்தால் நிறுத்தச் சொல்லுங்க. குழலை மட்டும் ஊத்தையாக விடாதீங்க” என்றார்.

அமெரிக்காவில் ஒரு ட்றொம்போன் கலைஞர் 15 ஆண்டுகளாக இருமலால் அவதிப்பட்டதையும் அவர்தான் சொன்னார். அந்தக் கலைஞரின் குழலுக்குள் பூஞ்சணமும் கிருமிகளும் வளர்ந்திருந்தன. ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு இருமல் தணிந்தது. 2010இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளிவந்ததாம். அன்றிலிருந்து குழலைக் கழுவுவது எங்கள் வீட்டில் மருந்து கொடுப்பதைப் போல ஒரு வேலையாகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் ஊதி முடித்தவுடன், இழுகுழாயின் அடியிலுள்ள சிறிய திறப்பை அழுத்தி உள்ளே தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். அதை எச்சில் என்று அருவருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானதுதான். வாய் வைத்து ஊதும் பகுதியையும் அன்றன்றே கழுவி உலர வைப்போம்.

சனிக்கிழமைகளில் முழுக்குளிப்பு. ஒரு பெரிய பேசினில் இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் போதும். கொதிநீர் கூடவே கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நெளிந்த இழுகுழாய் சரிவர ஓடாது. வளையக்கூடிய நீண்ட பிரஷை உள்ளே விட்டு மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துவாயால் ஒற்றி, நிழலில் வைக்கிறோம். எங்கள் தகரக் கூரையின் கீழ் மத்தியானச் சூடு தாங்க முடியாதது. ஆகையால் கூரைக்குக் கிட்டவோ யன்னல் வெயிலிலோ வைப்பதில்லை.

இழுகுழாய் இறுகியபோது, தேங்காய் எண்ணெய் பூசும்படி பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. நான் மறுத்துவிட்டேன். தையல் மெசினில் கண்ட எண்ணெயே தூசியைச் சேர்த்துப் பிசினாக்குவதை எத்தனையோ தடவை பார்த்தவள் நான். இந்தக் குழலுக்குத் தண்ணீர் போதும். சிறிய தெளிக்கும் போத்தலில் நீர் நிரப்பி உள்குழாயில் தெளித்தால் வழுக்கி ஓடும். அதில் எழுதியிருந்த பெறாமகனின் பெயரை நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் அழிக்க மகள் விரும்பினாள். அதையும் தடுத்தேன். அத்திரவமும் தின்னரும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது.

அவள் முதன்முதல் ஊதிய மாலை, அந்தத் தடித்த ஓசையில் என் நெஞ்சு திக்கென்றது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். உங்களில் பலருக்கு இது விளங்கும். பிறகு, ஊதத் தொடங்குமுன் “அம்மா, ஊதப்போறன்” என்று குரல் கொடுக்கும்படி சொன்னேன். நாளடைவில் அந்தக் குரல் இல்லாமலே பழகிக்கொண்டேன். இப்போது அந்த நேரத்தில் சத்தம் கேளாவிட்டால்தான் எட்டிப் பார்க்கிறேன்.

அவளுக்கு இழுப்பு முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்து தொடர்கிறது. ஆனால் களைப்பு வந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்கே தெரிகிறது. குழலையும் இப்போது அவளே கழுவுகிறாள். நான் நீரின் சூட்டை மட்டும் கையை விட்டுப் பார்க்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் பாடசாலையில் ஏதாவது ஊதுகுழல் பழகலாம். விலையைக் கேட்பதோடு நில்லாமல், அதை எப்படிக் கழுவுவது என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். பலர் மாறி மாறி ஊதும் குழலென்றால், வாய் வைக்கும் பகுதியைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பேசின் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.