கரண்ட் போகவில்லை

பெண்ணாடத்தில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு மடிக்கணினி வேண்டும், விட்டுவிட்டு வராத இணையம் வேண்டும், சந்தா கட்டிய ஒரு காணொளிக் கணக்கு வேண்டும். முதல் இரண்டும் என் மகன் பொறுப்பு. மூன்றாவதை என் பென்ஷன் கணக்கின் டெபிட் கார்டு பார்த்துக்கொண்டது. 2020 ஊரடங்கில், பணி ஓய்வு பெற்ற கையோடு தொடங்கிய வகுப்பு இது. இலவசக் கணக்கில் நாற்பது நிமிடம் ஆனதும் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். தமிழாசிரியருக்கு நாற்பது நிமிடம் கடவுள் வாழ்த்துக்கே காணாது. அதனால் டாலர் சந்தா. மாதாமாதம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், பாஸ்புக்கில் ஒரு வரி விழும், நான் மறந்துவிடுவேன்.

2021 அக்டோபரில் அந்த வரி விழவில்லை. விழாதது எனக்குத் தெரியவும் இல்லை.

அன்று எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிய பாடம். பெண்ணாடம் சின்ன ஊர்தான் என்றாலும் சைவத்தில் அதற்குப் பெரிய பெயர். பிரளயகாலேசுவரர் கோயில் கருவறையின் பின்பக்கம் படுத்திருக்கும் யானை முதுகாக வளைந்திருப்பதால் தூங்கானைமாடம் என்பார்கள். அப்பர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்றது இங்கேதான். சிவஞானபோதம் செய்த மெய்கண்டாருக்கும் இதுதான் ஊர். இதையெல்லாம் சொன்னால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கலிக்கம்ப நாயனார் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். வந்த அடியார்களில் ஒருவர் முன்பு தம் வீட்டில் வேலை பார்த்தவர் என்று அடையாளம் கண்ட மனைவி, அவர் காலுக்குத் தண்ணீர் வார்க்கத் தயங்கினாள் என்பதற்காக அவள் கையை வெட்டினார் என்று போகிறது பெரியபுராணக் கதை. அவர் வாளை எடுத்த இடத்தில் திரை கறுத்துப்போனது.

சிறிது நேரத்தில் ஒரு தாயார் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "என்னாச்சு ஐயா? பாதியில நின்னுடுச்சு, பாப்பா அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு அழுறா."

"கரண்ட் போயிடுச்சும்மா" என்றேன்.

கரண்ட் போகவில்லை. மின்விசிறி தலைக்கு மேல் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டணம் மறுக்கப்பட்டது, உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள் என்று நிறுவனத்தின் மின்னஞ்சல் முந்தைய நாளே வந்து கிடந்திருக்கிறது. இலவசக் கணக்குக்கு என்னை இறக்கிவிட்டார்கள்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மறுக்கப்பட்டது என்று படித்ததுமே, கையில் காசில்லாதவன் என்று என்னை யாரோ சொல்லிவிட்டதாகப் பட்டது. மளிகைக் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது பழைய பாக்கியைக் கேட்டுவிட்டாற்போல. இத்தனைக்கும் இது ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டுப் பணத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நிறைந்த ஊர். பணம் நேரத்துக்கு வந்து சேராமல் போக எத்தனையோ காரணம் உண்டு என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? ஆனாலும் என் மனைவியிடம்கூட அன்று இரவு வரை சொல்லவில்லை.

மறுநாள் ஏ.டி.எம்மில் பார்த்தேன். பணம் இருந்தது. வங்கிக்குப் போனேன். கணினியைத் தட்டிப் பார்த்த இளைஞர், "சார், அக்கவுண்ட் நல்லா இருக்கு. எங்ககிட்ட எதுவும் வரவே இல்லையே" என்றார். நிறுவனத்துக்கு எழுதினால், உங்கள் வங்கிதான் மறுத்தது என்று பதில். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பொய் சொன்னவன் நான் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது.

கார்டு எண்ணைத் தட்டியதும் கோரிக்கை முதலில் அந்த நிறுவனம் அமர்த்தியிருக்கிற கட்டண வாயிலுக்குப் போகிறது. அங்கிருந்து நிறுவனத்தின் வங்கிக்கு, பிறகு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று கார்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த வலையமைப்புக்கு, கடைசியாக நம் வங்கியின் தலைமைக் கணினிக்கு. சம்மதமோ மறுப்போ அதே வழியில் திரும்பி வருகிறது. எல்லாம் சில நொடிக்குள். இந்தப் பாதையில் நம் ஊர்க் கிளை எங்குமே இல்லை. கிளை இளைஞர் திரையில் ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம்.

மறுப்பு ஒரு ஈரிலக்க எண்ணாகத் திரும்புகிறது. 51 என்றால் இருப்பு போதாது. 54 என்றால் கார்டு காலாவதி. 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனை அனுமதி இல்லை. 05 என்றால் காரணம் சொல்லாமல் வங்கி வேண்டாம் என்கிறது. அனுபவத்தில் அதிகம் எரிச்சலூட்டுவது இந்த 05. இத்தனையையும் இணையதளங்கள் 'கட்டணம் மறுக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூட்டை கட்டிவிடுகின்றன. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்தால், மறுபடி மறுபடி தட்டாதீர்கள், அந்த எண் என்ன என்று நிறுவனத்திடம் கேளுங்கள் என்பேன். திரும்பத் திரும்ப முயன்றால் வங்கியின் மோசடித் தடுப்புக்குச் சந்தேகம் வந்து கார்டையே பூட்டிவிட வாய்ப்புண்டு. அப்புறம் ஒரு சிக்கல் இரண்டாகும்.

எனக்கு நடந்ததற்குக் காரணம் நிறுவனமும் இல்லை, வங்கியும் இல்லை, ரிசர்வ் வங்கியின் விதி. ஓய்வுபெற்றவனிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை. சுற்றறிக்கைகளைத் தேடிப் படித்தேன். நன்னூல் உரையோடு மல்லுக்கட்டியவனுக்கு அது ஒன்றும் பிரமாதமில்லை. இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு, அதாவது நமக்குப் பழகிப்போன ஓடிபி மாதிரியான ஒன்று, 2009 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் கட்டாயம். வெளிநாட்டுக்குப் பணம் போகும் பரிவர்த்தனைகளுக்கு இது பொருந்தாமல் இருந்தது. அந்தச் சந்தில் புகுந்து, உள்ளூர்ப் பயணத்துக்கே வெளிநாட்டு வழியில் பணம் எடுத்தார்கள் என்று 2014-இல் ஊபர் விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அந்த வழியை அடைத்தது. மாதாமாதம் தானாக எடுக்கும் சந்தாக்களுக்கான ஒழுங்கு 2019 ஆகஸ்ட் 21-இல் வந்தது. முதல் தடவை நாம் ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் நிறுத்த வழி இருக்க வேண்டும். இதற்கு நம்மிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு முதலில் 2,000 ரூபாய், பிறகு 5,000, 2022 ஜூனிலிருந்து 15,000.

வங்கிகள் தயாராகவில்லை என்று தவணை தள்ளித்தள்ளி, கடைசியில் 2021 அக்டோபர் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. பழையபடி கேட்டுவந்த கோரிக்கைகள் நாடு முழுக்கத் திரும்பின. அந்தக் கூட்டத்தில் பெண்ணாடத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் இருந்தார், அவ்வளவுதான். தானாக எடுப்பதை விட்டுவிட்டு, தளத்துக்குள் போய் அந்த மாதத் தொகையைக் கையால் கட்டினேன். போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை தடுக்கியது புதுக் கார்டு வந்தபோது. பழையது காலாவதியாகி, தபாலில் வந்ததை உறை பிரித்து, பின் எண் போட்டு, ஏ.டி.எம்மில் பணமும் எடுத்துவிட்டேன். சந்தா மட்டும் போகவில்லை. 2020-இல் வந்த விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்முக்கும் கடைக் கருவிக்கும் மட்டுமே திறந்து வரும். ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் நாமே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். நான் ஆன்லைனைத் திறந்தேன், வெளிநாட்டை விட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறவன் எந்த வெளிநாட்டுக்குப் போகிறேன்? கணினி அப்படி நினைப்பதில்லை, பணம் போகிற இடத்தைத்தான் பார்க்கிறது. பக்கத்திலேயே உச்சவரம்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. டாலர் விலைக்குச் சரியாக அதை வைத்தால் மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து தாண்டிவிடும். கொஞ்சம் தாராளமாக வைப்பது நல்லது. 2022 அக்டோபரிலிருந்து உள்நாட்டு இணையதளங்கள் நம் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கவும் முடியாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண் மட்டும்தான். புதுக் கார்டை எல்லா இடத்திலும் மறுபடி முதலிலிருந்து பதிந்தேன்.

என் நண்பர் ஒருவருக்கு ஓடிபியே வரவில்லை. வங்கியில் கொடுத்திருந்த எண் பழைய சிம். பேசுவதற்கு வேறு எண் வந்துவிட்டதால் அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தார். இதைக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு பொழுது ஆயிற்று.

உள்நாட்டுச் சந்தாவில் பணம் கணக்கிலிருந்து போய், சேவை கிடைக்காமல் போவதும் உண்டு. எனக்கு ஒரு மின்னிதழில் அப்படி ஆனது, பணம் தானாகத் திரும்பியது. இணையக் கார்டுப் பரிவர்த்தனை என்றால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இதைவிடவும் கவனிக்க வேண்டியது ஒன்று. கார்டு மறுக்கப்பட்ட அனுபவம் பட்டவனைத்தான் மோசடிக்காரர்கள் சுலபமாகப் பிடிக்கிறார்கள். ஒரு நாள் அதே நிறுவனத்தின் பெயரில், அதே நிறத்தில், 'கட்டணம் மறுக்கப்பட்டது, இங்கே தொட்டுக் கார்டைப் புதுப்பிக்கவும்' என்று மின்னஞ்சல். உடனே செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும் என்று மிரட்டல் வேறு. கார்டை எடுத்துவரச் சொன்னேன். மனைவி கொண்டுவந்து நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "என்னங்க, இந்த மாசம் நீங்க பணம் கட்டியாச்சே. அப்புறம் எதை மறுத்தாங்களாம்?"

அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் ஏதேதோ எழுத்துகள். அன்றிலிருந்து மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடுவதே இல்லை. தளத்தை நானாகத் திறந்து, கணக்குக்குள் போய்ப் பார்ப்பேன். பணம் போயே விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஓடிபியை ஒரு தொல்லை என்று திட்டிக்கொண்டிருந்தவன்தான் நான். வயதானவர்களைப் படுத்துகிறார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. 2021-க்கு முன்னால் என் பென்ஷனிலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. எடுத்தவர்களுக்கு அதைவிட வசதி. சந்தா நிறுவனங்கள் நம் மறதியில் பிழைக்கின்றன என்பது என் எண்ணம். விதி வந்தபோது கத்தியவர்கள் நிறுவனங்கள் என்றால் புரிகிறது. நான் ஏன் அவர்களோடு சேர்ந்து கத்தினேன் என்பதுதான் புரியவில்லை.

இப்போது மின்னிதழுக்கு யுபிஐ ஆட்டோபே வைத்திருக்கிறேன். வகுப்புக் கணக்கு மட்டும் கையால்தான். சில பெற்றோர், "எங்க கார்டுல போட்டுடுறோம் ஐயா" என்றார்கள். வேண்டாமென்று சொல்லி, அன்று கரண்ட் போகாததையும் சேர்த்தே சொன்னேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, தன் கார்டும் அப்படித்தான் ஒருமுறை திரும்பியது, கடைக்காரரிடம் நெட்வொர்க் இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

போன மாதம் வங்கியிலிருந்து முன்தகவல் குறுஞ்செய்தி வந்தது. நாளை இன்ன தொகை எடுக்கப்படும் என்று ஒரு செயலியின் பெயர். பேரன் விடுமுறைக்கு வந்தபோது என் போனில் ஏற்றிய ஓவியம் வரையும் செயலி. அவன் ஊருக்குப் போய் வெகு நாளாகிறது. அன்றே அதை ரத்து செய்தேன்.