காலோடு புதைக்கப்பட்டவர்

புணேயின் ஹடப்சரிலிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால், ஷிரூர் தாலுகாவில், கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ். புதைகுழி என்றால் நமக்குக் கல் வேண்டும்: அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் குன்றுபோன்ற மேட்டுக்குள் கல் அறை, நம் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள். இனாம்காவ்காரர்கள் அந்தச் சிரமமே படவில்லை. குடியிருந்த வீட்டிலேயே புதைத்தார்கள்.

காலம் கி.மு. 1600 முதல் 700 வரை, செம்புக்கற்காலம். 1968-லிருந்து 1983 வரை டெக்கான் கல்லூரி தோண்டியது. சங்காலியா, அன்சாரி, தவளிகர் முன்னின்றார்கள். குழந்தை இறந்தால் இரண்டு தாழிகளை வாயோடு வாய் சேர்த்துத் தரைக்கடியில் கிடத்தினார்கள். பெரியவர்களைத் தலை வடக்கே வைத்து நீட்டிப் படுக்கவைத்து, கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டிவிட்டார்கள். ஆவி எழுந்து நடக்கக் கூடாதாம். அறிஞர்களின் ஊகம் அது.

ஒருவருக்கு மட்டும் வேறு மரியாதை. அவரைப் புதைத்த முற்றத்தை விட்டு என் மனம் நகர்வதில்லை. ஊர் நடுவே ஐந்து அறை வீடு, கூடவே தானியக் களஞ்சியம். முற்றத்தில் சுடாத களிமண்ணால் செய்த வயிறு புடைத்த சாடி, அதற்கு நான்கு குட்டைக் கால்கள். உள்ளே சுமார் நாற்பது வயது ஆண், சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையில். பாதங்கள் இரண்டும் பத்திரம். பக்கத்துப் பானையில் துடுப்புகளோடு ஒரு படகு ஓவியம்.

ஊர்த்தலைவர் என்றார் தவளிகர். என்.சி.இ.ஆர்.டி.யின் ஆறாம் வகுப்புப் பாடநூல்கூடப் பிள்ளைகளிடம் அதையே கேட்டது. பெரிய வீடும் களஞ்சியமும் இருந்தால் தலைவரா? களஞ்சியத்துக் கணக்குப்பிள்ளையாகவும் இருக்கலாமே! எனக்கு அந்தப் பாதங்கள்தான் முக்கியம். செத்தவர் யாரும் திரும்பி வரக் கூடாதென்று பயந்த ஊர், இவர் ஒருவர் நடமாடினால் பரவாயில்லை என்று விட்டிருக்கிறது.

கோட்டை மதிலில் ஒரு கல் பெயர்ந்தால் ஊரைக் கூட்டுகிற மகாராஷ்டிரத்தில், இனாம்காவ் போலப் பழைய ஊர் புதைந்து கிடக்கும் மண்மேட்டுக்குக் கேட்க நாதியில்லை. அந்த மேடுகளின் சாம்பல் கலந்த வெளிர்மண்ணைப் ‘பாண்டரி’ என்பார்கள், நல்ல உரம். அள்ளி அள்ளி வயலில் கொட்டியே தக்காணத்தில் பல மேடுகள் கரைந்துபோயின. விவசாயியை நான் குறைசொல்ல மாட்டேன், அவருக்கு யார் சொன்னார்கள்? வேலி போட்டு, எந்த மேட்டில் கை வைக்கக் கூடாதென்று மராட்டியில் ஒரு பலகை நட எவ்வளவு செலவாகிவிடும்? குழந்தைத் தாழிகள் கிடப்பது மண்வெட்டிக்கு எட்டும் ஆழத்தில்.