போனஸ் பணமும் பத்து மீட்டரும்

உங்கள் வீட்டுக் கொடியில் உலர்கிற பனியனைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கழுத்துப் பட்டையில் ஏதேதோ கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் அது பிறந்த ஊர் அநேகமாகத் திருப்பூராகத்தான் இருக்கும். திருப்பூரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தால், "எங்கள் பக்கம்தான்" என்று சொல்ல வீரபாண்டிக்காரர்களுக்கு நிரம்ப நியாயம் உண்டு.

பல்லடம் சாலையில் தெற்கே போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். சாதாரண டவுன் பஸ் என்றால் நம் போன்ற பெண்களுக்குக் காசு வேண்டாம். 2021-ஆம் வருஷத்திலிருந்து தமிழ்நாடு முழுவதும் அந்தச் சலுகை இருக்கிறது. எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியைக் கடந்து, ஊர் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற சமயத்தில், "வீரபாண்டி பிரிவு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். ஊர் முடியவில்லை, இன்னொரு தரம் ஆரம்பமாகிறது, அவ்வளவுதான். 2011 வரை தனி ஊராட்சியாக இருந்து, பிறகு திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த இடம் இது.

இறங்கியதும் காதைக் கொடுங்கள். ஓவர்லாக் மெஷின் ஒரு சுருதி, பேட்லாக் இன்னொரு சுருதி. தெருவில் பாதி வீடு, பாதி கம்பெனி. மொபெட்டின் பின்னால் ஆள் உயரத்துக்குத் துணி உருளைகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் போவார். எதிரே வருகிறவர் தாமே ஒதுங்கிக்கொள்வார். தேனித் தமிழும் திண்டுக்கல் தமிழும் ஹிந்தியும் ஒடியாவும் ஒரே டீக்கடையில் கேட்கும். குடியிருப்பவர்களில் பலருக்கு லைன் வீடுதான்: ஓர் அறை, ஒரு சமையல் மூலை, வாசலில் எல்லோருக்கும் பொதுவான குழாய்.

இங்கே சம்பளம் வாரா வாரம் சனிக்கிழமை. வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளி போனஸ். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அந்தப் பணத்துக்குக் கை வருவதற்கு முன்பே கால் முளைத்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் பல கம்பெனிகளில் ஆர்டர் தடுமாறிற்று. ஆகவே அந்த வருஷத்துப் போனஸை ஒவ்வொரு குடும்பமும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் செலவழித்தது.

அந்தத் தீபாவளிக்குச் சில நாள் முன்னால்தான், செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் என்னைத் தன் லைன் வீட்டு வாசலில் உட்கார வைத்து டீ கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க அம்மிணி, துப்பாக்கி வாங்கறதுன்னா எத்தனை ஆகுமுங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளையாக, உள்ளேயிருந்து பதில் ஓடி வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பெண். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை ஃபோனில் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. மனு பாக்கருக்கு அப்போது வயது 22. இரண்டு நாள் கழித்து ஸரப்ஜோத் ஸிங்கோடு சேர்ந்து கலப்பு அணியிலும் ஒரு வெண்கலம். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் ஒரு பெண் என்றால், வீரபாண்டிப் பெண்ணுக்கு ஆசை வராதா?

எட்டாம் வகுப்புத் தம்பிக்கு வேறு ஆசை. அவன் கேட்டது 'ஏர்சாஃப்ட்' துப்பாக்கி. நிஜத் துப்பாக்கிக்குக் கடும் தடை உள்ள ஜப்பானில், 1970-களில் பெரியவர்களுக்காகக் கிளம்பிய விளையாட்டு அது. குண்டு 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை. எடை சாதாரணமாக கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒளிந்து சுடுவார்கள். அடிபட்டவர் தாமே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பார்த்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. நல்ல மனசு வேண்டிய விளையாட்டுத்தான்! ஆனால் அந்தத் துப்பாக்கி பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் அதைக் கையில் வைத்திருக்கும் பையனைப் போலீஸ்காரர் எப்படி அறிவார்? சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தாலே குற்றம். வேலி போட்ட மைதானமும், முகம் மூடும் கவசமும், கற்றுக்கொடுக்கப் பெரியவர்களும் இல்லாமல் அது தெருவுக்கு ஏற்றதல்ல. பையன் முகம் சுண்டிப் போயிற்று. என்ன செய்வது?

அக்காளின் ஆசைக்கு வழி இருக்கிறது. அதுவும், நாம் நினைக்கிற அளவுக்குப் பணக்கார வழி அல்ல.

துப்பாக்கி சுடுவது ராஜா வீட்டு விளையாட்டு என்று நாம் நினைப்பதில் தப்பில்லை. பாரிஸுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். ஆனால் அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குஸாலே, அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அதன் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், லைசென்ஸ் இல்லை என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. ஒரு கண்ணைப் பறிக்க அந்த ஆற்றல் தாராளமாகப் போதும். பெரியவர் ஒருவர் அடையாளச் சீட்டுக் காட்டி, ரசீதோடு வாங்குவதுதான் முறை.

"அப்ப வாங்கிடலாமுங்களா?" என்றார் தாயார்.

வேண்டாம் என்றேன். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் பணத்தைக் கோட்டை விடுகின்றன. போட்டிக்கு ஏற்ற ஜெர்மன் ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். அது பேச்சுக்கே இல்லை. உள்ளூரில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற ஸ்பிரிங் துப்பாக்கியை ஆசையாக வாங்கினால், அதைச் சுட இடம் வேண்டாமா? பத்து மீட்டர் என்பது முப்பத்து மூன்று அடி. "எங்க கட்டிங் டேபிள் நீளம் வருமுங்களே!" என்றார் அம்மாள். லைன் வீட்டில் அத்தனை நீளம் எங்கே? பொது வாசலில் சுட்டால் குழாயடியில் நிற்கும் குழந்தைகளின் கதி? இடம் இல்லாதவர் வாங்கிய துப்பாக்கி பரண் மேல் ஏறும். இல்லாவிட்டால் பையன்கள் கையில் குருவியைத் தேடிப் புறப்படும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். திருப்பூருக்கு வடக்கே ஊத்துக்குளிச் சாலையில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அங்கே இறங்குகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, ஏர்கன்னோடு அந்தப் பக்கம் போகிறவன் வீட்டுக்குத் திரும்பாமல் ஸ்டேஷனுக்குத்தான் போவான். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் கிராமத்தார் தாங்களாகவே ஏர்கன்களைக் கொண்டுவந்து அரசிடம் ஒப்படைத்தார்கள், காட்டில் பறவை மிஞ்ச வேண்டுமே என்று!

சரி, வாங்காமல் எப்படி ஆரம்பிப்பது? இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, என்.ஸி.ஸி. உள்ள பள்ளி அல்லது கல்லூரி. அங்கே துப்பாக்கி சுடுவது பயிற்சியில் ஒரு பகுதி, துப்பாக்கியும் தோட்டாவும் அவர்களுடையது, மாணவிக்குச் செலவில்லை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரி தேடும்போது 'என்.ஸி.ஸி. உண்டா?' என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது. இன்னொன்று, ரைபிள் கிளப். சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. திருப்பூரிலிருந்து கோவை ரயிலில் ஒரு மணிப் பயணம். கிளப்பில் ஆரம்பகாரருக்குத் துப்பாக்கி இரவல் கிடைக்குமா, ஒரு ஞாயிறுக்கு என்ன கட்டணம், குண்டை அவர்களிடமே வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். புடவைக் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நமக்கு இதில் என்ன கூச்சம்?

அடுத்தது, ரைபிளா பிஸ்டலா என்ற கேள்வி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரைபிள் சுடுகிறவர்கள் தடித்த கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொள்வார்கள். துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அளவு கருவி வைத்துப் பார்க்கிறார்கள். உடுப்புக்கே ஒரு பெரிய தொகை ஆகிவிடும். பெண் ஃபோனில் படத்தைக் காட்டினாள். தாயார் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் துணியை இழுத்துப் பார்த்தே பிழைத்தவர் அல்லவா? "இது இழுபடவே இழுபடாதுங்களே! நம்ம பனியனுக்கு நேர் விரோதமுங்க" என்றார். மெய்தான். இழுபடும் துணியால் பேர் வாங்கிய ஊருக்கு, வளையாத துணி எப்படிப் பிடிக்கும்?

பிஸ்டலுக்கு இந்த ஆடம்பரம் கிடையாது. உடம்புக்குத் தாங்கல் தருகிற உடுப்பு கூடவே கூடாது என்பதுதான் விதி. கம்பெனியில் கழித்துப் போட்ட டீ-ஷர்ட் போதும். கணுக்காலை மூடாத தட்டையான ஷூ போதும். பள்ளிக்கூடத்து கான்வாஸ் ஷூவே சரி. ஒரு கையால் பிடித்துச் சுட வேண்டும். பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. இலக்கின் நடு வட்டமும் பிஸ்டலுக்குக் கொஞ்சம் கருணையானது: 11.5 மில்லிமீட்டர். ரைபிளுக்கோ அரை மில்லிமீட்டர்! ஊசிக் காதில் நூல் கோக்கிறவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். குறைந்த பணத்தில் ஆரம்பிக்கிறவளுக்கு நான் பிஸ்டலையே சொல்வேன்.

போட்டியில் 60 குண்டு, 75 நிமிஷம். முன்பெல்லாம் பெண்களுக்கு 40 குண்டுதான்; 2018-லிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. ஒரு டப்பாவில் சாதாரணமாக 500 குண்டு வரும். எட்டுப் போட்டிக்குக் காணும். ஆகவே குண்டுச் செலவு மலைப்பாக இல்லை. குண்டு ஈயத்தாலானது, தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக்கூடாது. தாய்மார்கள் இதை மறக்க வேண்டாம்.

எதற்கும் முன்னால் வாங்க வேண்டியது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. குழாயைத் துடைக்கும் துணியை மட்டும் திருப்பூரில் யாரும் விலைக்கு வாங்க வேண்டாம். பனியன் வேஸ்ட்டுக்கு இங்கே பஞ்சமா?

மற்றதெல்லாம் காசில்லாமல் வீட்டிலேயே நடக்கும். சுவரில் 1.4 மீட்டர் உயரத்தில், போட்டியில் இலக்கு தொங்கும் அதே மட்டத்தில், பென்ஸிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. பிஸ்டலின் எடைக்குப் பக்கம். கையை நீட்டி, புள்ளிக்கு நேரே பாட்டிலைப் பிடித்து, பத்து எண்ணி இறக்க வேண்டும். மூச்சு பாதி வெளியேறி நிற்கிற இடத்தில் கை அசையாமல் இருக்கிறதா என்பதுதான் பாடம். பெண் அங்கேயே பிடித்துக் காட்டினாள். ஐந்து எண்ணுவதற்குள் மணிக்கட்டு நடுங்கிற்று. "கைமடி வேலைக்குப் போனா இது தானா வருமுங்" என்று தாயார் சிரித்தார். சிரிப்பில் பாதி கேலி. பாதி, பிளஸ் டூவுக்குப் பிறகு பெண் எங்கே போவாள் என்ற கவலை. கம்பெனி வாசல் பத்தடி தூரத்தில் திறந்தே இருக்கிறது. கல்லூரி அப்படியா?

அந்தக் கவலையோடுதான் போனஸைப் பங்கு போட்டார். பாதி நகை வட்டிக்கு. அதில் கை வைக்கவே முடியாது என்றார். துணிமணிக்கும் பலகாரத்துக்கும் ஒரு பங்கு. மீதியில் பத்து ஞாயிற்றுக்கிழமைக்கான கிளப் கட்டணம், ஒரு கண்ணாடி, ரயில் செலவு. துப்பாக்கி என்ற பேச்சே அடுத்த வருஷம். அதுவும் பத்து ஞாயிறும் ஒன்றுகூட விடாமல் போனால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரயில் செலவில் மட்டும் கணக்கு கொஞ்சம் ஏறிற்று. வயசுப் பெண்ணைத் தனியே கோவைக்கு அனுப்ப அம்மாளுக்கு மனமில்லை; ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீட்டு வேலை குவிந்து கிடக்கும். ஆகவே துணைக்குத் தம்பிக்கும் ஒரு டிக்கெட். அதுவரை மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பையன், "அங்க என்னையும் சுட விடுவாங்களா, அக்கா?" என்று கேட்டான்.