ஏரிக்கரைப் பயணம் – 7: உத்திரமேரூரில் ஒரு நீர்நாய்

தொடர் ஆரம்பிக்கும்போது ‘வாரம் ஒரு ஏரி’ என்று வாயை விட்டுவிட்டேன். ஏழாவது வாரத்தில் முழங்கால் வலிக்கிறது. போன மூன்று ஏரிகளிலும் கண்டது ஒன்றேதான்: கரை, கரைமேல் சீமைக் கருவேலம், கருவேலத்தடியில் காலி பாட்டில். அவற்றைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். உத்திரமேரூருக்கும் போயிருக்க மாட்டேன். ஒரு வீடியோ என்னை இழுத்துக்கொண்டு போனது.

நாற்பது நொடிதான். ஏழெட்டு நீர்நாய்கள் தண்ணீரைவிட்டு வரிசையாகப் படியேறி வருகின்றன, உடம்பைச் சிலிர்த்து உதறுகின்றன, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரள்கின்றன. ஒன்றின் வாயில் கையளவு மீன். தலைப்பக்கமிருந்து ஆரம்பித்து, வெள்ளரிப்பிஞ்சைக் கடிப்பதுபோல் கடித்துத் தின்கிறது. கீழே, ‘உத்திரமேரூர் ஏரியில் அதிசயம்! எல்லோருக்கும் பகிரவும்’ என்று போட்டிருந்தது. நான் பகிரவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன்; பஸ் ஏறினேன்.

எனக்கு நீர்நாய்மேல் பழைய ஆசை ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒகேனக்கல் பக்கம் பரிசலில் போகும்போது, பாறை ஓரமாக மூன்று தலைகள் நீரைவிட்டு எழும்பின. மீசை வைத்த மூன்று தாத்தாக்கள் எட்டிப் பார்ப்பது மாதிரி எங்களை முறைத்துவிட்டு முங்கிப் போயின. அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ யானை, எத்தனையோ மான் பார்த்தாயிற்று. அந்த முறைப்புக்கு ஈடாகவில்லை.

தை மாதம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரை வழிநெடுக ஏரிகளில் தண்ணீர் தளும்பியது. இறங்கியதும் நேராக ஏரிக்குத்தான் போயிருக்க வேண்டும். வைகுந்தப் பெருமாள் கோயிலைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இந்தச் சுவரில்தான் இருக்கின்றன. ஊர் முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வயது 35க்கு மேல் 70க்குள். சொந்த மனையில் வீடு, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர் பெயர்கூடக் குடத்துக்குள் போகாது. எனக்குப் பிடித்தது அந்த ஆறு பேர்தான். ஏரிக்கென்றே ஆறு பேர்! பல்லவர் காலத்திலேயே வயிரமேகத் தடாகம் என்று பெயர் வாங்கிய ஏரி இது.

தேநீர்க் கடையில் விசாரித்தேன். பைக்கில் சாய்ந்து நின்ற ஒரு இளைஞர் உடனே என் பக்கம் திரும்பினார்.

“நீர்நாயா? தெனிக்கும் வருது சார். கலங்கல் பக்கம். ஐந்நூறு குடுங்க, பைக்லயே இட்டுகினு போய்க் காட்டறேன்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா துட்ட வாபஸ் வாங்கிக்கோ சார்.”

தன் செல்போனையும் நீட்டினார். அதே வீடியோ. அதே படிகள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நேரம் போக, நான் அவருக்கு நீர்நாய்ப் பாடம் நடத்தினேன். இந்தியாவில் மூன்று வகை. காவிரியில் இருப்பது பளபளவென்று வழுவழுத்த தோலுள்ள ஆற்று நீர்நாய். நீலகிரி, வால்பாறை ஓடைகளில் நண்டு தின்று திரிவது சிறியது, விரலில் நகம் இருப்பதே தெரியாது. மூன்றாவது யூரேசிய நீர்நாய், இலங்கையில் இருப்பது அந்த ஒன்றுதான். ஆற்று நீர்நாய் ஏழு முதல் பதினொரு கிலோ வரும். விரலிடுக்கில் சவ்வு. வால் அடியில் தடித்து, தட்டையாக, துடுப்பு மாதிரி. முங்கும்போது காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாவிட்டால் என்ன, மீன் ஓடும்போது எழும் சலனத்தை மீசை பிடித்துவிடும். சினைக்காலம் இரண்டு மாதம். குடும்பமாகவே திரியும்; அரைவட்டமாக வளைத்து மீனைக் கரையோரம் ஒதுக்கும். அவர் எல்லாவற்றுக்கும் “ஆமா சார், ஆமா சார்” என்றார். தினம் பார்க்கிறவர் அல்லவா!

திடீரென்று கையைப் பிடித்து அழுத்தினார். “அதோ!”

நடுத் தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை. கழுத்து மட்டும் வெளியே. முங்கியது. எழுந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடி முங்கியது, எழுந்தது, இறக்கையை விரித்துத் தண்ணீரை உதைத்துப் பறந்தே போனது. நீர்க்காகம்.

“தம்பி, நீர்நாய் பறக்குமா?”

“அது வேற சார். இது வேற. இருங்க.”

இருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம். மதகோரத்துப் புதரிலிருந்து பழுப்பாக ஒன்று வெளியே வந்தது, வாயில் நண்டு. “இன்னா சார், இப்ப இன்னா சொல்ற?” என்றார் வெற்றியோடு. கீரி. சடைத்த வாலை இழுத்துக்கொண்டு கரையேறிப் போனது. துடுப்பு வாலைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசியது காற்றோடு போயிருந்தது.

பணத்தைக் கேட்டேன். நீர்நாய் காட்டுவதாகத்தான் சொன்னேன், எந்த நீர்நாய் என்று சொல்லவில்லை என்றார். என் குரல் உயர்ந்தது. அவர் ‘சார்’ ‘யோவ்’ ஆனது. அறுபத்திரண்டு வயதில் ஒரு கீரிக்காக ஏரிக்கரையில் சண்டை போடுவேன் என்று என் ஜாதகத்திலேயே இருந்திருக்கும்.

சற்றுத் தள்ளித் தூண்டிலோடு குந்தியிருந்த பெரியவர் ஒருவர் இத்தனை நேரமும் திரும்பாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, “டேய், வயசானவரு. குட்த்துடு” என்றார். இளைஞர் முனகிக்கொண்டே முந்நூறு கொடுத்தார். மிச்சம் இருநூறு பெட்ரோலுக்குப் போய்விட்டதாம், ஜீபேயில் அனுப்புகிறாராம். என் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

பெரியவர் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். இந்தக் கரையில் நண்டுக்கும் மீனுக்கும் அலைந்தே எழுபது வயதைத் தொட்டவர். “நீங்க பாத்திருக்கீங்களா பெரியவரே?” என்றேன்.

“இங்கியா? நான் பாக்கல சாமி. அது இருந்தா மொதல்ல வலை சொல்லும். கிழிஞ்சி கெடக்கும். அப்பால மூக்கு சொல்லும்.”

மூக்கு என்றது அதன் எச்சத்தை. நீர்நாய் ஒரே பாறைமேல், ஒரே மணல் திட்டில் திரும்பத் திரும்பக் கழிக்கும். மீன் செதிலும் நண்டு ஓடுமாக நாறும். ஆய்வாளர்களும் அதைத் தேடித்தான் கரை கரையாக நடக்கிறார்கள். ஐங்குறுநூறு, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் மருதத்துப் பொய்கையில் வாளை மீன் கவ்வும் நீர்நாய் வருகிறது. அந்தப் புலவர்களும் அதன் புலால் நாற்றத்தை விட்டுவைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலில் இன்றும் அது திரிகிறதென்றால், இங்கே ஏன் இல்லை?

பெரியவர் ஏரியைக் காட்டினார். “இப்ப ரொம்பி நிக்குது. சித்திரைல வா. பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. அது அப்ப எங்க போயி நிக்கும்?”

இதற்குமேல் எனக்குப் பாடம் வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கிலோ மீன் கேட்கிற பிராணிக்கு ஆறு மாதத் தண்ணீர் எந்த மூலைக்கு? கோடையில் ஏரி காய்ந்தால் ஆற்று மடுவுக்கு நகர வேண்டும். குட்டி போட மணல் கரையில் வளை வேண்டும். இந்த ஏரிக்குத் தண்ணீர் தருவது செய்யாறு. அது திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அந்த மணலெல்லாம் லாரி லாரியாக நம் வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் போய்விட்டது. என் வீட்டு மாடியும் அதில் சேர்த்தி.

அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தார். கடைத்தெருவில் ஒரு சின்ன மெஸ். பரிமாறுகிற பையன் என்னைப் பார்த்து “உக்காருங்க சார்” என்றான், அவரைப் பார்த்து “பார்சலா?” என்றான். கல்வெட்டு, குடவோலை என்று பெருமைப்படுகிற நமக்கு இந்த ஒரு சொல் போதும். “ரெண்டு இலை போடு” என்றேன். போட்டான். ஜிலேபிக் கெண்டைக் குழம்பு, நல்லெண்ணெய் மிதக்க, மாங்காய் போட்டு, முந்தின நாள் வைத்த குழம்பின் ருசியோடு. முள்ளை நான் துப்பித் துப்பித் தின்ன, பெரியவர் தலையிலிருந்து ஆரம்பித்து வால்வரை மிச்சம் வைக்காமல் முடித்தார். வறுவல் மூன்று வந்தது. பேச்சே இல்லை. அடுப்படியிலிருந்த அக்கா வெளியே வந்து, “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா தாத்தா?” என்று கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்தார். தட்டு, டம்ளர் எல்லாம் சுத்தம். கை கழுவுகிற இடத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த வீடியோவைச் சிங்கப்பூரிலிருக்கும் என் அக்கா மகளுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில்: “மாமா, இது எங்க பீஷான் பார்க். இந்தப் படியிலதான் நான் தினம் வாக்கிங் போறேன்.”

மறுபடி பார்த்தேன். வழித்துவிட்டதுபோல் கான்கிரீட் படி. ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. ஒரு பாலிதீன் பை கிடையாது, ஒரு பூமாலை கிடையாது. இதை எப்படி நம் ஏரி என்று நம்பினேன்! அங்கேயும் நீர்நாய் அடியோடு காணாமல் போயிருந்தது. 1977இல் ஆரம்பித்துப் பத்து வருஷம் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் சுத்தம் செய்தார்கள். 1998இல் ஒரு ஜோடி தானாகவே வந்து சேர்ந்தது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புத் தொட்டிகளில் புகுந்து விலையுயர்ந்த அலங்கார மீன்களைக் காலி செய்கின்றனவாம். அக்கா மகளின் கீழ்வீட்டுக்காரர் ஏக வருத்தத்தில் இருக்கிறார்.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 2022இல் திருத்திய வன உயிரினச் சட்டத்தில் ஆற்று நீர்நாய்க்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு. தோலுக்காகக் கொல்கிறார்கள் என்பதால் 2019இல் உலக வாணிபத் தடையும் வந்தது. கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் 34 கிலோமீட்டரை 2015இல் நீர்நாய்க்கென்றே ஒதுக்கினார்கள். அதே 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரியில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள். என்னை முறைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்க வேண்டும்.

நீர்நாய் பார்க்க ஆசையிருந்தால் அந்தப் பக்கம் போங்கள், அதிகாலையில், பேசாமல். உத்திரமேரூருக்குக் கல்வெட்டு பார்க்கப் போங்கள். மீன் குழம்பு ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. அந்த இருநூறு ரூபாய் இன்றுவரை வரவில்லை.