வெள்ளொளியிற் குறைந்த செம்மை

வெண்மை என்பது தனியொரு நிறமன்று. பல நிறங்கள் ஒன்றுகூடி நிற்கும் நிலையே அது. ஞாயிற்றொளியைக் கண்ணாடி அரியத்தினூடு செலுத்தி, அதனுள் ஊதா முதற் சிவப்பு ஈறாக நிறமாலை அடங்கியிருப்பதை நியூற்றன் 17 ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். ஆயின், கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுவனவெல்லாம் ஞாயிற்றொளியைப் போல நிறைவுடையன அல்ல. நீலத்தையும் மஞ்சளையும் தக்க அளவிற் கலந்தாலும் கண் அதனை வெள்ளொளி என்றே கொள்ளும். இன்று நம் வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்குகளுட் பெரும்பாலானவற்றின் இரகசியம் இதுவே.

உயர்தர வகுப்பு மாணவர் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று கற்கும் இக்கருவி, தானாக வெள்ளொளி தருவதில்லை. அது தருவது ஏறத்தாழ 450 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி. அந்நீலத்தை உண்டாக்கியமைக்காகவே அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நீலச் சில்லின் மீது, பொசுபர் எனப்படும் மஞ்சள் ஒளிர்பொடி பூசப்படுகின்றது. அப்பொடி நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ, எஞ்சிய நீலமும் அதனோடு சேர்ந்து வெண்மையாகின்றது.

இற்றியம், அலுமினியம், ஒட்சிசன் ஆகியன சேர்ந்த பளிங்கிற் சிறிதளவு சீரியம் கலந்ததே அந்தப் பொடி. ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் பிளாசே, பிரில் என்னும் இருவர் 1967 இல் அதனை வண்ணத் தொலைக்காட்சித் துறைக்கெனவே அறிவித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 1996 இல், யப்பானின் நிச்சியா கம்பெனி அதனை நீலச் சில்லோடு இணைத்து வெள்ளை விளக்காக்கிற்று.

இவ்விளக்கு மின்சாரச் செலவை வெகுவாகக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீலமும் மஞ்சளுமே மிகுந்த ஒளியிற் சிவப்பு எங்கே? இக்கேள்வியை எமக்கு எழுப்பியவர் ஒரு வைத்தியர். எமது அன்னையார் நீரிழிவினால் வருந்துபவர். ஒரு மாலை, அவருடைய பாதத்திலிருந்த புண்ணைப் பார்க்க வந்த முதிய வைத்தியர், கூடத்தில் விளக்கு நன்கு எரிந்துகொண்டிருக்கவும், “அம்மாவை விறாந்தைக்குக் கூட்டிவாருங்கோ மாஸ்ரர், சிவப்பைப் பார்க்கிறதெண்டால் பகல் வெளிச்சந்தான் வேணும்” என்றார். கூடத்தில் வெறும் மங்கலான நிறமாகத் தோன்றிய தோல், விறாந்தையிற் புண்ணைச் சுற்றி இரண்டு விரலகலத்துக்குச் சிவந்திருந்தமை தெளிவாகத் தெரிந்தது. அன்றே மருந்து தொடங்கப்பட்டமையால் கால் பிழைத்தது. அதன் பின்னரே இப்பொடிகளைப் பற்றித் தேடிப் படிக்கலானோம்.

குறைந்த சிவப்பைச் சேர்ப்பதற்கு இன்னொரு பொடி வேண்டும். ஒளியை உமிழும் அணுவைச் சூழ்ந்திருக்கும் அணுக்களே அதன் நிறத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஒட்சிசன் இருந்த இடத்தில் நைதரசன் வந்து சூழ்ந்தால், உமிழப்படும் ஒளி சிவப்பை நோக்கி நகரும். இவ்வுண்மையைக் கொண்டே கல்சியம், அலுமினியம், சிலிக்கன், நைதரசன் ஆகியன சேர்ந்த பளிங்கில் யூரோப்பியத்தைப் புகுத்தி, ஏறத்தாழ 650 நானோமீற்றரில் ஒளிரும் செம்பொடியை யப்பானிய ஆய்வாளர் ஆக்கினர். மிகு வெப்பத்தில், நைதரசன் சூழலிற் செய்யப்படுவது அது. விளக்கின் சூட்டை நன்கு தாங்கும்.

எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. மனிதக் கண் 555 நானோமீற்றர்ப் பச்சையிலேயே மிகக் கூர்மையானது. 650 இல் அக்கூர்மை பத்திலொரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே, அகன்ற சிவப்பொளியின் ஒரு பகுதி கண்ணுக்குப் பயன்படாது வீணாகின்றது. பொற்றாசியம் சிலிக்கன் புளோரைட்டில் மங்கனீசு சேர்ந்த மற்றொரு பொடியோ, 631 நானோமீற்றரை அண்டி ஒடுங்கிய கோடுகளாக ஒளிர்கின்றது. அங்கே கண்ணின் கூர்மை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. ஆனால் அது ஈரத்துக்கு அஞ்சுவது; நீராவி பட்டாற் கபில நிறமாகிக் கெடும். எனவே அதன் துணிக்கைகளுக்குக் காப்புறை இடுகின்றனர். சூட்டையும் ஈரத்தையும் ஒருங்கே தாங்கி, ஒடுங்கிய சிவப்பைத் தரும் பொடியைத் தேடுவோர் இன்றும் பலர். இரசாயனம் கற்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல விடுகதை வேண்டுமோ?

வீட்டுக்காரர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சீ.ஆர்.ஐ. என்னும் எண்ணாற் குறிப்பர். 100 என்பது நிறைவு. சாதாரண விளக்குகள் பல 80 அளவில் நிற்பன. அந்த எண்ணும் எட்டு மென்னிறங்களின் சராசரியே. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவதாகத் தனியே நிற்பதால் அதில் அடங்குவதில்லை. ஆகவே நடைக்கும் முற்றத்துக்கும் சாதாரண விளக்கே போதும். நோயாளர் அறைக்கும் அடுக்களைக்கும் 90 க்கு மேற்பட்டதைத் தேடுதல் நன்று. பெட்டியில் எண் இல்லையாயின், ஒரு செவ்வரத்தம் பூவைப் பகலில் வாசலிற் பிடித்துப் பாருங்கள். பின்னர் கதவைச் சாத்தி விளக்கின் கீழ்ப் பிடித்துப் பாருங்கள். பூவின் செம்மை எவ்வளவு வாடுகிறதோ, அவ்வளவே அவ்விளக்கின் குறை.