உப்பு மட்டும் போதுமா?

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடு கட்டியிருக்கிறதா? அப்படியாயின் இச்சிறு கட்டுரை உங்களுக்காகவே.

எங்கள் ஊர் பிரம்மதேசம். மரக்காணத்து உப்பளங்கள் எங்களுக்குத் தொலைவில் இல்லை. இப்பகுதியின் ஏழைத் தாய்மார் பலருக்கு ஆடுதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவும் மருத்துவச் செலவும் அதை நம்பியே இருக்கின்றன. ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-இல் தொடங்கியதும் இந்த உண்மையை அறிந்தே.

மத்ரஸா முடிந்து வரும் வழியில், ஓர் ஆடு மண்சுவரை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. அது ஈன்ற இரு குட்டிகளும் எழுந்து நிற்க வலுவின்றி மடிந்துவிட்டன என்றார் அதற்குரிய மூதாட்டி. "கழனித் தண்ணியில உப்புக்கல்லு போடாம ஒருநாளும் வெச்சதில்லீங்க ஹஜ்ரத். இன்னும் என்ன குறை?" என்று கேட்டார்.

குட்டிகள் மடியக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் அவர் கேள்வி நம் அனைவருக்கும் உரியது. உப்பு தருவது சோடியமும் குளோரினும் மட்டுமே. எலும்புக்கும் பாலுக்கும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் வேண்டும். சினையாட்டுக்குத் தாமிரச் சத்துக் குறைந்தால் குட்டியின் பின்னங்கால்கள் தள்ளாடும். துத்தநாகம் குறைந்தால் உரோமம் உதிர்ந்து தோல் தடிக்கும். அயோடின் குறைந்தால் குட்டி கழுத்து வீங்கியோ, உயிரின்றியோ பிறக்கும். மனிதர் உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்க 2006-இல் நாடு முழுவதும் தடை வந்தது. ஆட்டுக்கு நாம் போடுவதோ உப்பளத்துக் கல்லுப்பு. அதில் போதிய அயோடின் இல்லை.

இதற்கு வழி, தாது உப்புக் கலவை. 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அதைத் தயாரித்து வழங்குகிறது. வளர்ந்த ஆட்டுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 10 கிராம், குட்டிக்கு அதில் பாதி. தவிட்டில் பிசைந்து வைக்கலாம். பொட்டலத்தில் உள்ள அளவைப் படித்துவிட்டுக் கொடுங்கள். மழை நனைக்காத இடத்தில் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிடுவதும் நன்று.

அளவு மிஞ்சினால் இதுவும் நஞ்சே. ஆடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. ஆகவே ஆட்டுக்குரிய கலவையைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். குர்பானிக்கெனக் கொழுக்க வைக்கும் கிடாக்களுக்குத் தவிட்டையும் தானியத்தையும் அளவின்றிக் கொட்டாதீர்கள். அவற்றில் பாஸ்பரஸ் மிகுதி. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து உயிருக்கே கேடாகலாம். காயடித்த கிடாவுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அகத்தி போன்ற தழைகளையும் தூய நீரையும் தாராளமாகக் கொடுங்கள். கலவை கொடுத்தும் ஆடு மெலிந்தால், குடற்புழு இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சற்றே சிந்தியுங்கள். அவிழ்த்துவிட்ட ஆடு பத்துவிதத் தழைகளை மேய்ந்து தன் குறையைத் தானே ஓரளவு தீர்த்துக்கொள்ளும். கட்டிப்போட்ட ஆட்டுக்கோ நாம் வைப்பதே உணவு. கயிற்றை முளையில் கட்டும்போதே அந்த வாயில்லா உயிரின் பசியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிவிடுகிறது.