பில் எங்க தம்பி?

போன வருஷம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழி பக்கம். மழை பொய்ச்ச காட்டுல சீமைக்கருவேலம்தான் விளைச்சல். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரி வித்துத்தான் தாத்தா எங்கப்பாவைப் படிக்க வச்சார். அந்த வேலை அவருக்கு மிச்சம் வச்சது மூட்டு வலி.

இதயத் துடிப்பு சீரா இல்லைன்னு அருப்புக்கோட்டையில ஒரு தனியார் கிளினிக்கில் அவருக்கு வார்ஃபரின் எழுதியிருந்தாங்க. ரத்தம் சீக்கிரம் உறையாம இருக்கிறதுக்கான மாத்திரை. அதோட வேலை கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா பக்கவாதம். அதனால அடிக்கடி ஐ.என்.ஆர் டெஸ்ட் எடுத்து, அவர் மாதிரி ஆளுங்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவுல வச்சுக்கணும். எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியாது.

"முட்டி கடுக்குதுப்பா, மாத்திரை வாங்கியா"ன்னார். மெடிக்கலுக்குப் போனது நான்தான். டைக்ளோஃபெனாக் கொடுத்தாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாத மருந்து அது. அவங்க சீட்டு கேக்கல, நான் பில் கேக்கல. வார்ஃபரினோட அது சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஆறாம் நாள் தாத்தாவுக்கு மலம் தார் மாதிரி கறுப்பாப் போச்சு. மயங்கி விழுந்துட்டார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில ரத்தம் ஏத்தித்தான் பிழைக்க வச்சாங்க.

அப்பா கேஸ் போடணும்னு நின்னார். இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் அம்மா கிடைச்சாங்க. "மருந்து ஒத்துக்காம போனது மட்டும் குத்தமாகாது. ஆபத்தைச் சொன்னாங்களா, டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களா, சீட்டு இல்லாம வித்தாங்களா, அதைத்தான் பாப்பாங்க"ன்னாங்க. காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நாம கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள்ள இருந்தா புகாருக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாம் சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க. "மெடிக்கல் பில் எங்க தம்பி?"

கடை மேல சொல்ல வேண்டியது அங்கயே முடிஞ்சுது. கிளினிக்கில மட்டும் ரெக்கார்டு கேட்டு எழுதிக் கொடுத்தோம். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு விதி இருக்கு. வந்த தாள்ல ஐ.என்.ஆர்-னு ஒரு எழுத்துகூட இல்ல. புகார் கொடுத்திருக்கோம், இன்னும் நடக்குது.

உங்க வீட்டுலயும் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா, எந்த மெடிக்கல்லயும் முதல்ல அதைச் சொல்லுங்க. சீட்டு, பில், அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. மருந்தோட பக்கவிளைவைச் சொல்ல 1800-180-3024.

தாத்தா என்னைத் திட்டவே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "கரி மூட்டைக்கு ஒருநாளும் எடைச் சீட்டு வாங்காம வந்ததில்லப்பா. மாத்திரைக்கு விட்டுட்டமே."